“அவர்கள்” என்னும் ஒரு சொல்

மட்டக்களப்பிலே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊரொன்றிலிருந்து தாயார் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுள்ளபடியால் ஊரையும் விட்டுவிடுகின்றோம். அவருடைய மகனுக்கு வயது எட்டு. மாலையில் கணக்குப் படிக்கச் செல்லும் வகுப்பிலே பக்கத்து ஊர் முஸ்லிம் சிறுவன் ஒருவன் இவனருகில் வந்து அமர்ந்தானாம். இவன் உடனே எழுந்து வேறொரு வாங்கிற்குப் போய்விட்டான். ஆசிரியை காரணம் வினவியபோது, “அவர்கள் எங்களுடைய ஆட்களைக் கொன்றவர்கள்” என்று விடை கூறினானாம்.

“இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ஐயா. என் கணவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களுடன் இருக்கும் என் அப்பா சொல்லியிருப்பார். 1990ஆம் ஆண்டிலே தம் தமையனைப் பறிகொடுத்தவர் அவர். அவரைப் பார்த்து வாயை மூடுங்கள் என்று நான் எவ்வாறு சொல்வேன்? மகனுக்குத்தான் என்ன சொல்வேன்?” என்று அத்தாயார் கேட்கின்றார்.

இக்கடிதத்தை நாம் மும்முறை வாசித்தோம். பிள்ளை சோறுண்ண மறுப்பதையும் நகம் கடிப்பதையும் பொய் சொல்வதையும் பற்றி ஞாயிறுதோறும் எழுதிவரும் எமக்கு, இதற்கு ஒரு வரியில் விடையிறுக்க இயலவில்லை. இதே கடிதம் காத்தான்குடியிலிருந்தோ ஏறாவூரிலிருந்தோ ஒரு முஸ்லிம் தாயாரிடமிருந்தும் வந்திருக்கலாம். பிள்ளையின் பெயர் வேறாயிருக்கும்; “அவர்கள்” என்ற சொல் அதே சொல்லாக இருக்கும்.

விடையை நூல்களில் தேடுமுன் சற்று வாவிக்கரைக்குப் போய் வருவோம். பூவரச மர நிழலிலே சிறுவர் ஐவர் போளை விளையாடுகின்றனர். ஒருவன் கோட்டைக் கடந்து கையை நீட்டி அடித்துவிடுகின்றான். “அளாப்பி! அளாப்பி!” என்று நால்வரும் கூச்சலிடுகின்றனர். குற்றஞ் சாட்டப்பட்டவன் தாயின் மேலும் தெய்வத்தின் மேலும் ஆணையிடுகின்றான். ஒருவன் தன் போளைகளைக் காற்சட்டைப் பையில் இட்டுக்கொண்டு வீட்டிற்குப் புறப்படுகின்றான்; மற்றொருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கின்றான். எந்த நேரமும் அடிதடி வந்துவிடும் என்று நாம் எண்ணுகின்றோம். ஐந்து நிமிடங் கழித்துப் பார்த்தால், “சரி, திரும்ப அடி” என்ற தீர்ப்புடன் விளையாட்டு நடந்துகொண்டிருக்கின்றது. நீதிபதி இல்லை, பிரம்பு இல்லை, பெரியவர் ஒருவரும் இல்லை.

இந்தப் போளை விளையாட்டைப் பேரறிஞர் ஒருவர் ஆராய்ந்தார் என்றால் நம் தாய்மார் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை. சுவிற்சர்லாந்து நாட்டவரான ஜீன் பியாஜே என்னும் உளநூலறிஞர், தமக்கு விளையாட்டைக் கற்றுத் தருமாறு சிறுவர்களைக் கேட்டு, அவர்களோடு தாமும் போளை அடித்து, விதிகளை யார் செய்தார், மாற்றலாமா, மாற்றினால் பிழையா என்றெல்லாம் வினவி, பிள்ளைகளின் ஒழுக்க உணர்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது வெளிவந்த ஆண்டு 1932. சிறு பிள்ளைக்கு விதி என்பது பெரியவர் இட்ட கட்டளை, தொடக்கூடாத பொருள். பத்துப் பதினொரு வயதாகும்போது, விதி நமக்குள் நாம் செய்துகொண்ட உடன்பாடு என்று அவன் உணர்கின்றான். இந்த மாற்றம் தகப்பனின் உபதேசத்தால் வருவதிலும், ஒத்த வயதுத் தோழரோடு பிணங்கி இணங்குவதால் வருவதே அதிகம் என்பது பியாஜேயின் துணிபு.

அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளுள் ஒன்று உலகப் பிரசித்தி பெற்றது. ஒரு பையன் சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்தான். கதவுக்குப் பின்னால் தட்டு இருந்ததை அவன் அறியான். பதினைந்து கோப்பைகள் விழுந்து நொறுங்கின. இன்னொருவன் தாய் இல்லாத வேளையில் ஜாம் திருடப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்தான். எவன் கூடிய குற்றவாளி? பதினைந்தை உடைத்தவனே என்கின்றன சிறு பிள்ளைகள். உள்நோக்கத்தைப் பார்க்க அவை இன்னும் கற்கவில்லை, உடைந்ததை எண்ணுகின்றன. சில ஆண்டுகள் சென்றால் அதே பிள்ளைகள், “முதலாமவன் வேண்டுமென்று செய்யவில்லையே” என்று சொல்கின்றன.

எமது தாயாரின் கடிதத்திற்கு இன்னும் நெருக்கமான வினா ஒன்றையும் பியாஜே கேட்டார். கூட்டத்தில் ஒருவன் குற்றஞ் செய்தான், எல்லாரையும் தண்டிக்கலாமா? செய்தவன் இன்னானென்று தெரிந்திருக்கும்போது எல்லாரையும் தண்டிப்பதைப் பிள்ளைகள் ஏற்கவே இல்லை. செய்தவன் தெரியாதபோதுதான் பேதம் தோன்றியது. தண்டனை எப்படியும் நடந்தாக வேண்டும், ஆகவே எல்லாருக்கும் அடி என்றனர் இளையவர் சிலர். குற்றமற்றவனை அடிப்பது அதிலும் பெரிய அநீதி, ஆகவே ஒருவரையும் அடிக்கக்கூடாது என்றனர் மூத்த பிள்ளைகள் பலர்.

இவ்விடத்தில் எமது பள்ளிப் பருவம் நினைவுக்கு வருகின்றது. வகுப்புச் சுவரிலே யாரோ ஆசிரியரின் உருவத்தைக் கரியால் வரைந்துவிட்டான். செய்தவன் யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது பேருக்கும் உள்ளங்கையில் இரண்டிரண்டு அடி. அந்த அடியிலே நாம் கற்ற ஒழுக்கம் யாது? வரைந்தவன் திருந்தினானோ, அறியோம். ஆனால் நாம் அடித்தவர்மீது கொண்ட கோபத்திலும், வரைந்தவன் என்று எம் மனத்தில் நாமாகவே ஐயுற்ற ஒரு தோழன்மீது கொண்ட கோபமே பெரிதாயிருந்தது. அவனோடு ஒரு தவணை முழுதும் பேசாதிருந்தோம். வரைந்தவன் அவனல்லன் என்று பல்லாண்டுகளின் பின்னரே தெரிய வந்தது.

இரண்டு பிரம்படிக்கே இந்த நிலை என்றால், 1990இல் மட்டக்களப்புப் பிள்ளைகள் கண்டதை என்னென்று சொல்வது! அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 3ஆந் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்றோர் சுடப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவருள் சிறுவரும் இருந்தனர். அடுத்த வாரமே ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் இருந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் மக்கள், கைக்குழந்தைகள் உட்பட, கொலையுண்டனர். முன்னைய இரண்டையும் செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்றும் மூன்றாவதைச் செய்தவர்கள் இராணுவத்தினர் என்றும் உயிர் தப்பியோர் சாட்சியம் கூறினர். தமிழ்க் கிராமங்கள் வேறு சில தாக்கப்பட்டபோது, முஸ்லிம் ஊர்காவற் படையினர் சிலரும் உடனிருந்தனர் என்ற சாட்சியங்களும் உண்டு.

ஒவ்வொன்றையும் செய்தவனுக்கு ஒரு சீருடை இருந்தது. ஒரு தலைமை இருந்தது. ஒரு கட்டளை இருந்தது. ஆனால் அச்செய்தி ஒழுங்கையைக் கடந்து, வேலியைக் கடந்து, அடுக்களையில் சோறுண்ணும் பிள்ளையின் காதில் விழும்போது சீருடையும் தலைமையும் கழன்றுபோய், “அவர்கள்” மட்டுமே எஞ்சி நின்றது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மட்டக்களப்பார் பெருமையுடன் சொல்லி வந்த உறவு அது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அமைந்த கரையிலே, இரு சாராரும் தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கமும் உடையவர். அப்படிப்பட்ட அயலவர் ஒரே கோடையிலே “அவர்கள்” ஆகிவிட்டனர். போர்க்காலத்திலே பெரியவர்களும் உடைந்த கோப்பைகளை எண்ணும் பருவத்திற்குத் திரும்பிவிடுகின்றனர் போலும். உங்கள் பக்கத்தில் இத்தனை, எங்கள் பக்கத்தில் இத்தனை என்ற கணக்கே பேச்சாயிற்று.

இலண்டன் மாநகரின்மேல் குண்டுகள் பொழிந்த காலத்தில் அன்னா பிராய்ட், டொரதி பர்லிங்காம் என்னும் இரு பெண்மணிகள் வீடிழந்த குழந்தைகளுக்கு இல்லங்கள் நடத்தினர். தாம் கண்டவற்றை 1943இல் நூலாகவும் வெளியிட்டனர். தாயோ பழகிய ஒருவரோ அருகில் இருக்கும்போது குழந்தை குண்டுச் சத்தத்தை ஓரளவு தாங்கிக்கொள்கின்றது என்றும், தாயைப் பிரிவதே அதைப் பெரிதும் குலைக்கின்றது என்றும், தாய் நடுங்கினால் குழந்தையும் நடுங்குகின்றது என்றும் அவர்கள் எழுதினர். அதனினும் ஆழமான கருத்தொன்றும் அந்நூலில் உண்டு. அடிக்கவும் உடைக்கவும் விரும்பும் வேகம் எந்தக் குழந்தைக்குள்ளும் இயல்பாகவே இருக்கின்றது. அதை அடக்கப் பழகுவதே வளர்ச்சி. அப்பழக்கம் பாதியில் நிற்கும்போது, வெளியுலகில் பெரியவர்களே உடைப்பதையும் கொல்வதையும் குழந்தை கண்டால், உள்ளிருக்கும் வேகத்திற்கு அனுமதிச் சீட்டுக் கிடைத்தது போலாகிவிடும். ஆகவே போர் பிள்ளையை அச்சுறுத்துகின்றது என்பதோடு நின்றுவிடலாகாது. போர் பிள்ளைக்கு இன்னாரை வெறுக்கலாம் என்று இடங்கொடுக்கின்றது. நாம் கவலைப்பட வேண்டியது அதற்கே.

இவ்வளவும் சொல்லி, இதற்கு மாற்று யாது என்று கூறாவிடில் அத்தாயாருக்கு என்ன பயன்? மாற்று ஒன்று மட்டக்களப்பு நகரிலேயே முயலப்பட்டது. 1996ஆம் ஆண்டிலே, போர் நடந்துகொண்டிருந்த நாளிலே, இயேசு சபையினரின் வளவொன்றில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்ற ஒரு சோலை திறக்கப்பட்டது. கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும், உளவளத் துணையாளரான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் தொடக்கத்திற்குக் காரணராயிருந்தனர். மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் துணை நின்றனர். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஒரே நாளில் அங்கு அழைத்து வரப்பட்டனர். ஒரு நாள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகும் ஒற்றுமை விழாவன்று அது. மாதக் கணக்கில் மீண்டும் மீண்டும் வந்தனர்.

அங்கே செய்தது என்ன? களிமண் பிசைந்தார்கள். படம் வரைந்தார்கள். கதை கட்டி, முகமூடி செய்து, நாடகம் ஆடினார்கள். மரஞ் செடிகளையும் பிராணிகளையும் பேணினார்கள். நீ கண்டதைச் சொல் என்று பிள்ளையை நெருக்கவில்லை. மன்னித்துவிடு என்று போதிக்கவும் இல்லை. சொல்ல வேண்டியதைக் களிமண் சொல்லட்டும், கதை சொல்லட்டும் என்று விட்டுவிட்டனர். எமக்கு இதிலே பெரிதும் பிடித்தது இந்தப் பொறுமையே. சமாதானம் என்ற சொல்லை மேடையில் நின்று பிள்ளைகளுக்கு ஓதுவது இலகு. இரு ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வாளி களிமண்ணைக் கொடுத்துவிட்டு, அவர்கள் அதற்காகச் சண்டையிட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பது அத்துணை இலகுவன்று. ஒரு வாளிக் களிமண்ணுக்காகச் சண்டையிடும்போது எதிரில் நிற்பது “அவர்கள்” அல்லவே. மூக்கில் சேறு பூசிய ஒரு சிறுவனல்லவா!

நம் நாட்டிலே பாடசாலைகள் இவ்வாய்ப்பைத் தருவது குறைவு. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை, முஸ்லிம் பிள்ளைக்கு வேறொரு பாடசாலை என்பது கிழக்கிலே பெருவழக்கு. இரண்டிலும் பாடமொழி தமிழே. ஆயினும் போளை அடிக்கும் முற்றங்கள் வேறு வேறு. மாலை வகுப்பின் வாங்குகளிலேதான் இருவரும் சந்திக்கின்றனர். அத்தாயாரின் மகன் எழுந்து போன வாங்கு அத்தகைய ஒன்று என்பதை நினைக்கும்போதுதான் எமக்கு வருத்தம் மிகுகின்றது.

2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர் மாண்டனர். அன்றைய நாசங்களின் சூத்திரதாரி காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்று தெரிந்ததும், பழைய சொல் மீண்டும் வீடுகளில் எழுந்தது. அவனது போக்கைக் குறித்து அவ்வூர் முஸ்லிம் மக்களே முன்னரே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர் என்பதை எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்? செய்தவன் இன்னானென்று தெரிந்தும் எல்லாரையும் தண்டிப்பதை அந்த சுவிற்சர்லாந்துப் பிள்ளைகள் ஏற்கவில்லை. நாம் ஏற்றுக்கொண்டோம். முஸ்லிம் பெண்பிள்ளைகள் பஸ்ஸில் ஏறத் தயங்கிய அந்த நாட்களைப் பற்றி வேறென்ன சொல்வது?

இனி, அம்மையாரின் முதற் கேள்வி. தம் தகப்பனாரை வாய் மூடச் சொல்வதா? வேண்டா. கோபத்தை மூடி வைப்பது மட்டக்களப்பாரின் மரபன்று. வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோயில்களிலே வழக்குரை படிக்கின்றார்களே, அதை நினைத்துப் பாருங்கள். கணவனை அநியாயமாக இழந்த ஒருத்தியின் சினத்தை ஊர் முழுவதும் கூடியிருந்து கேட்கின்றது. அவள் சினம் தவறு என்று எவரும் சொல்வதில்லை. அவள் அரசன் முன் வழக்காடியதை முழுவதும் படித்து, இறுதியிலே குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விக்கின்றனர். கேட்டு முடித்த பின்னரே குளிர்விப்பது; கேளாமலே குளிர்ந்துவிடு என்பதன்று. இன்னொன்றும் உண்டு. மதுரையை எரிக்கத் தீக்கு விடை கொடுத்தபோதும், அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு கண்ணகி சொன்னதாகவே சிலப்பதிகாரம் கூறும். ஓர் அரசன் செய்த பிழைக்கு ஊர் எரிந்ததே என்று நாம் இளமையில் தமிழாசிரியர் ஒருவரிடம் வாதாடியதுண்டு. அவ்வாதம் இன்னும் முடியவில்லை. ஆயினும் எரிக்கும் சினத்திற்குள்ளும் குழந்தைகளுக்கு விலக்களித்த ஒருத்தியையே இந்நிலத்தார் தாயென்று வணங்குகின்றனர்.

ஆகவே, அம்மையீர், உங்கள் தகப்பனாரைப் பேசவிடுங்கள். ஆனால் இப்போது அவர் பேசுவது பாதிக் கதை. முழுக் கதையையும் அவரிடம் கேளுங்கள். பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெரியப்பாவாகிய அம்மனிதரின் பெயர் என்ன, அவர் என்ன தொழில் செய்தார், வாவியில் தோணி வலித்தாரா, வயல் செய்தாரா, எந்தப் பாட்டை விரும்பிப் பாடினார் என்று கேளுங்கள். வந்தவர்கள் யார், என்ன உடுத்திருந்தார்கள், யார் ஏவி வந்தார்கள் என்று கேளுங்கள். அந்த நாட்களில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்த, அல்லது வழி காட்டிவிட்ட, அல்லது வேலியோரம் நின்று அழுத முஸ்லிம் ஒருவர் இருந்தாரா என்றும் கேளுங்கள். இருந்தார் என்றால் அப்பெயரையும் பிள்ளை அறியட்டும். இல்லை என்றால் இல்லை என்றே இருக்கட்டும். நல்ல கதையாக்குவதற்காகப் பொய் சேர்க்க வேண்டா. முதியவர் அழுதால் பிள்ளை பார்ப்பதில் தீங்கில்லை. தாய் அருகில் இருக்கின்றாளே.

மகனுக்கு நீங்கள் சொல்லக்கூடியது மிகச் சிறிது. “அம்மப்பாவின் அண்ணரைக் கொன்றது பெரிய அநியாயம். அம்மப்பாவுக்குக் கோபம் வருவது நியாயம். உன் பக்கத்தில் வந்து இருந்த பையன் அப்போது பிறக்கவே இல்லை.” இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. மன்னிப்புக் கேள், கை கொடு என்று அவனை அப்பையனிடம் இழுத்துச் செல்லவும் வேண்டா. வாங்கு அங்கேதான் இருக்கும்.

இவ்வாறு எழுதி அம்மையாருக்குத் தபாலில் அனுப்பினோம். இப்பகுதியை அச்சுக்குக் கொடுக்கும் தறுவாயில் அவரிடமிருந்து மறுகடிதம் வந்தது. தகப்பனார் இரண்டு மாலைகள் பேசினாராம். மூன்றாம் மாலை, வெற்றிலை வாங்கப் போகின்றேன் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் வாவிக்கரையில் தனியே அமர்ந்திருந்தாராம். அவர் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்று மகளுக்கும் தெரியவில்லை; நாமும் ஊகிக்கப்போவதில்லை. மகனைப் பற்றித்தான் புதிய முறைப்பாடு. வகுப்பு முடிந்ததும் வெளி முற்றத்தில் போளை விளையாட்டு நடக்கின்றதாம். சென்ற வியாழக்கிழமை சட்டைப் பொத்தான் அறுந்து, மூன்று போளைகளை இழந்து, அழுதுகொண்டு வீட்டிற்கு வந்தானாம். யாரோடு சண்டை என்று கேட்டதற்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பையனின் பெயரைச் சொல்லி, “அவன் அளாப்பிவிட்டான், அம்மா” என்றானாம்.